பட்டியலின் மௌனத்தை நம்பலாமா?

பட்டாவில் உள்ள சர்வே எண்களை எக்செல்லில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வேடிக்கை தெரிந்திருக்கும். ஐந்தாம் எண் புலத்தின் இரண்டாம் உட்பிரிவு என்ற பொருளில் 5/2 என்று தட்டி என்டர் அடித்தால், கட்டத்தில் நிலம் இருக்காது. பிப்ரவரி 5ஆம் தேதி உட்கார்ந்திருக்கும். பதறிப்போய் அதை எண் வடிவத்துக்கு மாற்றினாலும் 5/2 திரும்பி வராது. 2025இல் தட்டியதாக இருந்தால் 45693 என்று வரும். 1900 ஜனவரி 1ஐ முதல் நாளாக வைத்து எக்செல் எண்ணி வைத்திருக்கும் நாள்கணக்கு அது. அதே பத்தியில் அடுத்த வரியில் இருக்கும் 5/2பி மட்டும் எழுத்து ஒட்டியிருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ஒரே பத்தியில் ஒரு வரி காலம், அடுத்த வரி நிலம்.

அந்த நாள்கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. 1900 லீப் ஆண்டு இல்லை. ஆனால் எக்செல்லுக்கு 1900 பிப்ரவரி 29 என்றொரு நாள் இருக்கிறது. முன்னோடியான லோட்டஸ் 1-2-3 மென்பொருள் அப்படித்தான் கணக்கிட்டது. அதன் கோப்புகள் பிசகாமல் திறக்க வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அந்த நாளையும் சேர்த்தே சுவீகரித்துக்கொண்டது.

நிலத்துக்கு நேர்ந்ததுதான் மரபணுக்களுக்கும் நேர்ந்தது. செப்டின் குடும்பத்து மரபணுக்களுக்கு ‘செப்ட்1’, ‘செப்ட்2’ என்றும் வேறொரு குடும்பத்துக்கு ‘மார்ச்1’, ‘மார்ச்2’ என்றும் சுருக்கக் குறிகள் வழங்கிவந்தன. எக்செல் அவற்றை செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதிகளாக்கியது. 2004இலேயே ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைப்பாகக் கொண்ட கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் இறங்கிவந்தது மென்பொருள் தரப்பு இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020இல் மரபணுக்களின் குறிகளையே மாற்றியது: செப்ட்1 ‘செப்டின்1’ ஆயிற்று, மார்ச்1 ‘மார்ச்எஃப்1’ ஆயிற்று. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை எக்செல் 2023இல்தான் தந்தது.

விரிதாளைத் தரவுத்தளமாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி வந்தாலே மென்பொருள்காரர்கள் இதுபோன்ற கதைகளை அடுக்கிவிட்டு, “கூடாது” என்று முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் தலையாட்டிவிட்டு மறுநாளும் எக்செல்லைத்தான் திறப்பார்கள். சம்பளப் பட்டியல், மாணவர் சேர்க்கை, கோயில் நன்கொடை, குடியிருப்போர் சங்கச் சந்தா எல்லாம் அதில்தான் ஓடுகின்றன; பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடுகின்றன. இரு தரப்பும் கருவிகளைப் பற்றிப் பேசுகின்றன. கேள்வியோ கருவிகளை விடப் பழையது. எழுதிவைத்த ஒன்றை எப்போது உண்மையென்று ஏற்பது? அதைவிடக் கடினமானது, எழுதப்படாத ஒன்றை எப்போது இல்லையென்று ஏற்பது?

தரவுத்தளம் என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள் 1970இல் உருவானது. எட்கர் காட் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். கலிஃபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோஸே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பெரிய தரவு வங்கிகளுக்கான உறவு மாதிரியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு கூற்று. “இந்த ஊழியர் இந்தத் துறையில் இந்தத் தேதியில் சேர்ந்தார்” என்பது அட்டவணையின் தலைப்பில் உறைந்திருக்கும் வாக்கியம். வரி அதில் பெயர்களை நிரப்புகிறது. வரியை உள்ளே சேர்ப்பது அந்த வாக்கியம் மெய்யென்று உறுதிகூறுவதற்குச் சமம்.

இந்தச் சிந்தனையின் வேர் ஜெர்மானியத் தர்க்கவியலாளர் ஃப்ரெகேவிடம் இருக்கிறது. 1879இல் அவர் வகுத்த குறியீட்டு மொழியில் ஒரு கருத்தை வெறுமனே முன்வைப்பதற்கு ஒரு குறி, அதை மெய்யென்று தீர்ப்புச் சொல்வதற்கு இன்னொரு குறி. “நாளை மழை பெய்தால்” என்று நினைத்துப் பார்க்கிறவரும் “மழை பெய்கிறது” என்று சாட்சி சொல்கிறவரும் வேறு வேறு காரியம் செய்கிறார்கள். காட் கட்டிய தரவுத்தளம் சாட்சி சொல்லும் இடம்.

விரிதாளோ நினைத்துப் பார்ப்பதற்காகப் பிறந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்தார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் பலகையைக் கற்பனை செய்தார். பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் என்ன ஆகும், விற்பனை பாதியானால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். அதில் எந்தக் கட்டமும் எதையும் உறுதிகூறவில்லை. எல்லாமே ‘என்றால்’.

இரண்டையும் ஒன்றாக்கும் ஆசை சீக்கிரமே வந்துவிட்டது. 1983இல் வெளியான லோட்டஸ் 1-2-3 தன் பெயரிலேயே மூன்று வேலைகளை அறிவித்தது. ஒன்று கணக்கு, இரண்டு வரைபடம், மூன்றாவது தரவுத்தளம். இன்றைய குழப்பத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

இந்த இரண்டு கருவிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வாதம் தெளிவாகக் காட்டுகிறது. 1715, 1716ஆம் ஆண்டுகளில் லைப்னிட்ஸும் நியூட்டனின் ஆதரவாளரான சாமுவேல் கிளார்க்கும் கடிதங்களில் மோதிக்கொண்டார்கள். பொருள்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளி என்பது தனியே இருக்கிறது என்பது நியூட்டன் தரப்பு. வெளி என்று தனியே ஒன்றும் கிடையாது, பொருள்களுக்கு இடையிலான உறவுகளின் ஒழுங்கையே அப்படி அழைக்கிறோம் என்பது லைப்னிட்ஸ் தரப்பு. ஒவ்வோர் அம்சத்திலும் ஒத்திருக்கும் இரண்டு பொருள்கள் இருக்க முடியாது, அப்படி இருந்தால் அவை ஒரே பொருள் என்றும் அவர் வாதித்தார். ஹெரன்ஹவுஸன் தோட்டத்தில் இதை மறுக்கப் புறப்பட்ட ஒரு பிரபு, முழுக்க ஒத்த இரண்டு இலைகளைத் தேடி ஓடியும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிய கதையையும் கிளார்க்குக்கு எழுதினார்.

எக்செல் நியூட்டனின் உலகம். புதிய தாளைத் திறந்ததும் 10,48,576 வரிகளும் 16,384 பத்திகளும் தயாராக இருக்கின்றன. ஒரு சொல்கூட எழுதுவதற்கு முன் 1,717 கோடிக்கும் மேற்பட்ட வெற்றுக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு. எதற்கும் பொருள் கிடையாது. பி7 என்பது யாருடைய சம்பளம் என்று எக்செல்லுக்குத் தெரியாது. அதற்கு நேரே ஏ7இல் ஒரு பெயர் இருப்பதால் பார்க்கிறவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறார். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால், எக்செல் ஒரு தடவை கேட்டுப் பார்க்கும். அவசரத்தில் பதில் தவறினால் ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குப் போய்விடும். எந்தக் கட்டத்திலும் பிழை இருக்காது. கூற்றுகள் மட்டும் அத்தனையும் பொய்யாகியிருக்கும்.

காட்டின் மாதிரியில் வரிகளுக்கு முன்பின் கிடையாது. ஒரே மாதிரியான இரண்டு வரிகளுக்கும் இடமில்லை. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய ஒரு திறவுகோல் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் கூற்று உள்ளே வர முடியாது. லைப்னிட்ஸின் கொள்கை பொறியியலாக மாறிய இடம் இது. (நடைமுறையில் புழங்கும் எஸ்க்யூஎல் மொழி இரட்டை வரிகளை அனுமதித்தது. காட்டின் வழிவந்தவர்களுக்கு அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.)

யார் எவர் என்ற இந்தக் கேள்வியின் கனத்தைத் தமிழருக்கு விளக்க மொய் நோட்டு போதும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் இப்போது கணினி வைத்து ரசீதும் அச்சடித்துத் தருகிறார்கள். முன்பு நோட்டில் எழுதிய காலத்திலும் எழுதுகிறவர் வெறும் “முருகேசன் 500” என்று எழுதிவிட மாட்டார். எந்த ஊர், யார் மகன், பட்டப்பெயர் என்ன, என்ன தொழில் என்று கேட்டு எழுதுவார். இரண்டு இடங்களில் “முருகேசன் 500” என்று இருந்தால் அது இரண்டு பேரா, ஒருவரை இரு தடவை எழுதியதா என்று பின்னால் தெரியாமல் போகும். குடும்பப் பெயர் இல்லாமல் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு வாழும் சமூகத்தில் அது சாதாரணமாக நடக்கக்கூடியது.

மொய் நோட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று அதன் மௌனம். எழுதியிருக்கும் பெயர்களை விட, எழுதப்படாத பெயர்தான் உறவை முறிக்கும். “நோட்டுல உங்க பேரு இல்லையே” என்பது ஒரு குற்றச்சாட்டு. நோட்டு அவ்வளவு கனமான சாட்சியைச் சொல்கிறதென்றால், அதற்கான தகுதியையும் அது சம்பாதித்திருக்கிறது: பணம் வாங்குகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், பக்கத்துக்குப் பக்கம் கூட்டல், விருந்து முடிந்ததும் நோட்டின் மொத்தத்தோடு பணத்தை எண்ணிச் சரிபார்த்தல். மொத்தம் இடித்தால் எழுந்துபோக முடியாது.

இல்லாமையிலிருந்து அறிவு பிறக்குமா என்பது இந்தியத் தத்துவத்தில் பெரிய சண்டை. வஞ்சியில் அளவைவாதியைச் சந்திக்கும் மணிமேகலைக்கு அவன் அடுக்கிக் காட்டும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. சிவஞான சித்தியாரும் அபாவத்தைப் பட்டியலில் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும் அத்வைதிகளும் இல்லாமையை அறிவதற்கு அனுபலப்தி என்று தனி அளவை கொண்டார்கள். பிரபாகரர் தரப்பு அதை ஏற்கவில்லை. நியாயவாதிகள் கண்ணால் காண்பதிலேயே அது அடங்கும் என்றார்கள்.

கட்சிகள் எப்படிப் பிரிந்தாலும், விவாதத்தில் கூர்மைப்பட்ட ஒரு நிபந்தனை முக்கியமானது. காணவில்லை என்பதாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற நிலை இருக்க வேண்டும். வெளிச்சமான அறையில் பானை தென்படாவிட்டால் பானை இல்லை. இருட்டறையில் தென்படாவிட்டால் அது பானையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இருட்டைப் பற்றித்தான் சொல்கிறது. யோக்கிய அனுபலப்தி என்று இதைக் குறிப்பார்கள். தரவுத்தளக் கோட்பாட்டிலும் இதே சிக்கல் வேறு வழியில் வந்து சேர்ந்தது. பட்டியலில் இல்லாத கூற்று பொய்யென்று கொள்ளும் கொள்கையை ரேமண்ட் ரைட்டர் 1978இல் ‘மூடிய உலக அனுமானம்’ என்று முறைப்படுத்தினார். ரயில் முன்பதிவுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்தப் படுக்கை உங்களுடையது இல்லை. உலகம் அந்தப் பட்டியலுக்குள் முழுமையாக மூடப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் டிக்கெட் பரிசோதகர் பேசுகிறார்.

விரிதாள் தரவுத்தளமாகுமா என்பதற்கான உரைகல் இங்கேதான் கிடைக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை. அதில் இல்லாததை இல்லையென்று நம்பலாமா? இருந்திருந்தால் அங்கே இருந்திருக்கும் என்று யாராவது உறுதிசொல்ல முடியுமா?

2020 அக்டோபரில் இங்கிலாந்துக்கு இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினையானது. கொரோனா பரிசோதனை நிலையங்கள் முடிவுகளை எளிய உரைக் கோப்புகளாக அனுப்பின. பொது சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அவற்றைத் தானியங்கியாக எக்செல் வார்ப்புருக்களில் இழுத்துச் சேர்த்தது. அந்தக் கோப்புகள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தன. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 2007இலிருந்தே அதைவிடப் பெரிய வடிவம் கிடைத்துவந்தது. ஒரு நபரின் முடிவு பல வரிகளைப் பிடித்ததால், ஒரு கோப்பில் ஏறக்குறைய 1,400 பேர்தான் அடங்கினார்கள். மீதிப் பேர் உதிர்ந்துபோனார்கள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேரவில்லை. தொற்று உறுதியானவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலைதான் நாள்கணக்கில் தாமதமானது.

கோப்பில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. எந்த எண்ணும் தேதியாக மாறவில்லை, எந்தச் சூத்திரமும் பிசகவில்லை. பொய் சொன்னது அதன் மௌனம். அந்த 15,841 பேரும் வெற்றுக் கட்டங்களாகக்கூட அங்கே இல்லை. தாள் முடிந்த இடத்தில் உலகமும் முடிந்துவிட்டது. முறையான தரவுத்தளத்தில் இடமில்லாமல் ஒரு வரி தடுக்கப்பட்டால், அந்தத் தொகுதி முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டுப் பிழைச் செய்தி வரும்படி அமைத்திருக்கலாம். தரவுத்தளக்காரர்கள் இதைப் பரிவர்த்தனை என்கிறார்கள்: முழுதும் உள்ளே, அல்லது எதுவும் உள்ளே இல்லை. மொய் நோட்டின் கூட்டலும் செய்வது அதைத்தான்.

பொருளாதாரத்திலும் ஒரு மௌனம் பெயர்பெற்றது. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரை, அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்தவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களது எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரிச் சூத்திரம் ஐந்து வரிகளுக்கு முன்பே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கில் வரவில்லை. அவரும் அவருடைய பேராசிரியர்களும் திருத்திக் கணக்கிட்டபோது வளர்ச்சி 2.2 சதவீதமாக வந்தது. வித்தியாசத்தின் பெரும்பகுதி, சில ஆண்டுகளின் தரவை விட்டதாலும் நாடுகளுக்குக் கொடுத்த எடையாலும் ஏற்பட்டது. விடுபட்ட வரிகளின் பங்கு சிறியது. ஆனாலும் மூன்று ஆண்டுகள் யாரும் அந்த ஐந்து நாடுகளைத் தேடவில்லை. சராசரி என்ற ஓர் எண், தனக்குள் யார் இல்லை என்று சொல்வதில்லை.

வரி முழுதும் காணாமல் போவது ஒரு வகை. வரி இருந்து கட்டம் மட்டும் வெறுமையாக இருப்பது இன்னொரு வகை. எக்செல்லில் ஏ1 கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அது பூஜ்ஜியத்துக்குச் சமமா என்று சூத்திரம் போட்டுக் கேளுங்கள், ஆம் என்று சொல்லும். ஒன்றுமில்லாத வெற்று எழுத்துக்குச் சமமா என்று கேளுங்கள், அதற்கும் ஆம். பூஜ்ஜியமும் வெற்று எழுத்தும் ஒன்றுக்கொன்று சமமா என்றால் இல்லை என்று சொல்லும். கூட்டலில் வெறுமை பூஜ்ஜியமாகிறது. சராசரி கேட்டால் அந்தக் கட்டமே கணக்கில் சேராமல் போகிறது. வெறுமைக்கு அங்கே நிலையான பொருள் இல்லை. பக்கத்தில் யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது வேடம் மாற்றுகிறது.

வைசேடிகர்கள் இன்மையை நான்காகப் பிரித்தார்கள். அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் தமிழில் தர்க்கம் படித்தவர்களுக்கும் இது பழக்கம். இன்னும் தோன்றாத பொருளின் இன்மை, தோன்றி அழிந்ததன் இன்மை, எக்காலத்தும் இல்லாத இன்மை, ஒன்று மற்றொன்றாக இல்லாத இன்மை. மதிப்பெண் பட்டியலில் ஒரு மாணவியின் வேதியியல் கட்டம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். தேர்வே இன்னும் நடக்கவில்லையா? விடைத்தாள் தொலைந்துவிட்டதா? அவள் வணிகவியல் பிரிவு என்பதால் வேதியியலே அவளுக்கு இல்லையா? தட்டச்சு செய்தவர் வரியைத் தவறவிட்டாரா? நான்குக்கும் எக்செல் ஒரே வெள்ளைக் கட்டத்தைத்தான் காட்டும். மொத்தத்தைக் கூட்டும்போது நான்கிலும் அவளுக்குப் பூஜ்ஜியம்.

தரவுத்தளம் இதைத் தீர்த்துவிட்டது என்று சொல்ல முடியாது. காட் ‘நல்’ என்ற குறியைக் கொண்டுவந்தார். அதோடு எதை ஒப்பிட்டாலும் விடை மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை, ‘தெரியாது’. நல்லும் நல்லும் சமமா என்று கேட்டாலும் தெரியாதுதான். பின்னாளில் அவர் இன்மையை இரண்டாகப் பிரித்தார்: பொருந்தும் ஆனால் தெரியவில்லை; பொருந்தவே பொருந்தாது. அவருடைய நெருங்கிய சகாவான கிறிஸ் டேட் இந்த மூன்றாம் மதிப்பே கூடாது, தெரியாததைப் பற்றிக் கூற்றே எழுதக் கூடாது என்று பல ஆண்டுகளாக வாதிட்டுவருகிறார். தரவுத்தளக்காரர்களுக்கு இன்மை ஒரு பிரச்சினை என்றாவது தெரிந்திருக்கிறது. விரிதாளுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை.

இதுவரை விரிதாளின் மேல் குற்றப் பத்திரிகை. மறுதரப்பையும் கூண்டில் ஏற்றத்தான் வேண்டும்.

பிரிட்டனில் துணை அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்களுக்கு 1999இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு முறை கொடுக்கப்பட்டது. உருவாக்கியது ஃபுஜிட்சு. விதிகளும் பூட்டுகளும் கொண்ட முறையான அமைப்பு, எக்செல் இல்லை. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, பெட்டியில் இல்லாத பணத்தை அவர்கள் திருடினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சொத்தை இழந்தார்கள். கணினி ஒழுங்காகவே இயங்கியிருக்கும் என்று சட்டம் அனுமானித்ததால், அது தவறென்று காட்ட வேண்டிய பொறுப்பு அஞ்சல் நிலையக்காரர்கள் தலையில் விழுந்தது. அந்த மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019இல் உயர் நீதிமன்றம் கண்டறிந்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்ய 2024இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

எக்செல்லில் இருந்திருந்தால் அந்த அஞ்சல் நிலையக்காரர்கள் சூத்திரத்தைச் சுட்டிக் காட்டியிருப்பார்கள். ஹெர்ண்டனால் ரெய்ன்ஹார்ட்–ரோகாஃப் பிழையைப் பிடிக்க முடிந்ததும் கோப்பு கைக்கு வந்து, கட்டத்தைச் சொடுக்கிப் பார்க்க முடிந்ததால்தான். விரிதாள் தன் குடலைத் திறந்து காட்டும். தரவுத்தளம் கவுன்டருக்குப் பின்னால் நின்று பதில் மட்டும் சொல்லும்.

விதிகளும் பொய் சொல்லவைக்கும். குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயம் என்று படிவம் அடம்பிடித்தால், ஒற்றைப் பெயர் கொண்ட தமிழர் தகப்பனார் பெயரை அங்கே எழுதுகிறார். அமெரிக்காவில் இறங்கியதும் எல்லாரும் அவரைத் தகப்பனார் பெயரால் அழைக்கிறார்கள். கடவுச்சீட்டில் பெயர் முழுதும் குடும்பப் பெயர்ப் பகுதியில் விழுந்துவிட்டால், விசாவில் ‘எஃப்என்யூ’ என்று, அதாவது முதற்பெயர் தெரியாதவர் என்று, அச்சாகி வருகிறது. பெயர் தெரியாதவர் அவரில்லை. படிவத்துக்குத்தான் அவரைத் தெரியவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட பிறந்த தேதியோடு ஓய்வுபெற்ற தலைமுறை தமிழ்நாட்டில் உண்டு. காலியாக விடக் கூடாது என்ற விதி, தெரியாததைத் தெரிந்ததாக எழுதவைத்தது.

மௌனத்தின் விலை எவ்வளவு உயரும் என்பதற்கு அசாம் சாட்சி. 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் இல்லை. ஆவணத்துக்கு ஆவணம் பெயரின் எழுத்துக்கூட்டு மாறியிருந்தவர்களும், திருமணமாகி வேறு ஊர் போய்த் தகப்பனோடு உள்ள உறவைக் காகிதத்தில் காட்ட முடியாத பெண்களும் அதற்கான விசாரணைகளில் அலைந்தார்கள். பட்டியல் எந்த மென்பொருளில் இருந்தது என்பது அங்கே இரண்டாம் பட்சம். இருந்திருந்தால் பட்டியலில் இருந்திருப்பார்கள் என்று சொல்லும் அளவுக்கு அந்த அறையில் வெளிச்சம் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

ஆக, மென்பொருளின் பெயரை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. விரிதாளில் விதிகள் மனிதரின் தலைக்குள் இருக்கின்றன. சிவப்பு நிறம் தீட்டிய வரி பாக்கிதாரர், ‘எக்ஸ்’ போட்டிருந்தால் ஊரை விட்டுப் போனவர், மூன்றாவது தாளைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அதை உருவாக்கியவருக்குத் தெரியும். அவர் ஒருவரே எழுதி, அவர் ஒருவரே படிக்கும்வரை அந்த எக்செல் ஷீட் நல்ல தரவுத்தளம்தான். குறையாக நிற்கும் பகுதியை அவருடைய நினைவு நிரப்புகிறது. அவர் மாற்றலாகிப் போன மறுநாள் அந்தக் கோப்பில் எண்கள் மிஞ்சும், கூற்றுகள் மிஞ்சாது. தரவுத்தளத்தில் விதிகள் அமைப்புக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர் போனாலும் அவை நிற்கும். அந்த விதிகள் தவறாக இருந்தாலும் நிற்கும் என்பதுதான் ஹொரைசன் கற்பித்த பாடம்.

எனவே பிரிகோட்டை அளவிலோ விலையிலோ போட வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் விடுபட்டால் பாதிக்கப்படுவது யார்? அதை வைத்திருப்பவரே என்றால், விரிதாள் போதும். தன் வீட்டுக் கணக்கு, ஒரு கடையின் அடுத்த மாத மதிப்பீடு, ஆய்வு மாணவி தன் தரவைப் புரட்டிப் பார்க்கும் முதல் வாரங்கள் எல்லாம் இதில் அடங்கும். விடுபடுகிறவர் அந்தக் கோப்பையே பார்க்க முடியாத வேறொருவர் என்றால் நிலைமை மாறுகிறது. உதவித்தொகைக்குக் காத்திருக்கும் முதியவர், தடுப்பூசித் தேதி வர வேண்டிய குழந்தை, தொற்றாளரோடு ஒரே பேருந்தில் வந்தவர் ஆகியோருக்குத் தாங்கள் அங்கே இல்லை என்று தெரியவே வழியில்லை. அவர்கள் சார்பில் பட்டியல்தான் பேச வேண்டும். அதன் மௌனத்துக்கு யாரும் பொறுப்பேற்காத இடத்தில் அவர்களை வைப்பது தொழில்நுட்பக் குறையாக மட்டும் நிற்காது, நீதிப் பிழையும் ஆகும்.

அப்படிப்பட்ட பட்டியலை இன்றைக்கு எக்செல்லில் வைத்திருக்கும் அலுவலகங்கள் நாளையே எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. எத்தனை வரிகள் வந்தன, எத்தனை உள்ளே போயின என்று ஒவ்வொரு நாளும் எண்ணிச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு நபருக்கும் மாறாத எண் ஒன்று கொடுக்கலாம். காலிக் கட்டத்துக்குப் பதிலாக ‘நடக்கவில்லை’, ‘தெரியவில்லை’, ‘பொருந்தாது’ என்று எழுதிவைக்கலாம். தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை வைக்கலாம். கடைசியாகச் சொன்னது தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். அதன்பிறகு விரிதாளை விட்டு வெளியேறுவதற்குச் செலவைக் காரணம் காட்ட இடமில்லை: 2000இல் ரிச்சர்டு ஹிப் வெளியிட்ட எஸ்க்யூலைட் ஒரே கோப்பில் அடங்கும் முழுத் தரவுத்தளம், பதிப்புரிமை கோராமல் பொதுவில் விடப்பட்டது, இந்தப் பட்டியல்களை எக்செல்லில் தட்டுகிறவர்களின் கைபேசிகளுக்குள்ளும் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது.